சாதித் தடையைத் தாண்டி அறிவியல், தொழில்நுட்ப வேலைக்கு: நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பணகுடிக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு ஓடுகின்றன. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் நடக்கிறது. நல்ல அறிவியல் வேலையும் தொழில்நுட்ப வேலையும் பஸ் போகிற தூரத்திலேயே இருக்கின்றன. ஆனால் தலித் குடியிருப்பில் பிறந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த வாசல் ரொம்ப தூரம். காரணம் மூளை இல்லாததல்ல. தகவல் உரிய நேரத்தில் வந்து சேருவதில்லை. கூட வர ஆள் இருப்பதில்லை. நடந்ததற்கு எழுத்தில் சான்று இருப்பதில்லை. இந்த மூன்றையும் சரிக்கட்டும் வழிகளைத்தான் இங்கே சொல்கிறோம்.

அமெரிக்காவில் கறுப்பின விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இதே போன்ற சுவர்களை முட்டித் தாண்டியவர்கள். அவர்கள் கையாண்ட முறைகளில் நமக்கு ஒத்துவருவதை ஆங்காங்கே சேர்த்திருக்கிறோம்.

முதலில் பெயர், அப்புறம் மற்றது

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயர்தான் இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதில் 'இசக்கிமுத்து சு' என்றிருக்கும். ஆதாரில் 'இசக்கி முத்து' என்று நடுவில் இடம் விட்டிருக்கும். பாஸ்புக்கில் 'எஸ். இசக்கிமுத்து'. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் 'சுடலைமுத்து', ரேஷன் கார்டில் வெறும் 'சுடலை'. ஊரில் எல்லாருக்கும் இது ஒரே பையன்தான். கம்ப்யூட்டருக்கு நாலு பேர். உதவித்தொகை நின்றுபோவதும், வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் இழுத்தடிப்பதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே இதை முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்து முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அதை வைத்து பேங்க் கணக்கு, அப்புறம் மற்றவை. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் இ-சேவை மையத்தில் நிற்க இடமிருக்காது. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதி, பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, அங்கே போய்ப் பேங்க் கணக்கு தொடங்குவதில் இருந்து எல்லாவற்றிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சாதிச் சான்றிதழ் பட்டியல் சாதியினருக்குத் தாசில்தாரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் தருவது. மத்திய அரசு வேலை அறிவிப்புகளில் சாதிச் சான்றிதழுக்கென்று தனிப் படிவம் கேட்பார்கள். மாநில அரசின் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் அட்டையை மட்டும் நீட்டினால் ஏற்காத இடங்கள் உண்டு. அறிவிப்பின் கடைசிப் பக்கங்களில் அந்தப் படிவம் இருக்கும், அதை அச்செடுத்து முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வையுங்கள். 2021-ல் ஏழு பிரிவுகள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. அண்ணனிடம் பழைய பெயரிலும் தம்பியிடம் புதிய பெயரிலும் சான்றிதழ் இருந்தால் கேள்வி வரும். இரண்டின் நகலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லையில் தேவாலயம் இல்லாத ஊர் குறைவு என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1950-ம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றன. ஆனாலும் மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகையை மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசு தருகிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். 'நமக்கு இல்லை' என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிற குடும்பங்கள் நிறைய.

சாதிச் சான்றிதழை நீட்டக் கூச்சப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. இட ஒதுக்கீடு உள்ளே போகிற வாசலை மட்டும்தான் திறக்கிறது. உள்ளே வினாத்தாளும் ஒன்று, பாஸ் மார்க்கும் ஒன்று, பட்டமும் ஒன்று.

உதவித்தொகை விஷயத்தில் அதிகம் தடுக்கி விழுகிற இடம் பேங்க் சீடிங். 'ஆதார் இணைச்சாச்சு' என்று பேங்கில் சொல்வார்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வந்து விழும் கணக்காக அதை பேங்குகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பான என்.பி.சி.ஐ.யில் பதிவது வேறு. இரண்டாவதுதான் சீடிங். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்தப் பேங்க் என்று தெரியும். நடுவில் வேறு பேங்கில் கணக்கு தொடங்கி அங்கே சீடிங் ஆகியிருந்தால் பணம் அங்கே போய்விடும்; பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் பார்த்து 'இன்னும் வரலை' என்று உட்கார்ந்திருப்போம். கேஒய்சி புதுப்பிக்காமல் கணக்கு முடங்கினாலும் அதே கதிதான். ஜூலையில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை பாருங்கள்.

எந்தப் படிப்பு, எந்த வழி

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பொதுவான கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தாலும் இந்த வரிசையையும் விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். ஐஐடி, என்ஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இளநிலைப் படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஆனால் விடுதியும் மெஸ்ஸும் தள்ளுபடியில் வராது. முதல் பருவத்துக்கு அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும். இது தெரியாமல் சேர்ந்த முதல் மாதமே வட்டிக்கு வாங்குகிற குடும்பங்கள் உண்டு.

பி.இ. ஒன்றுதான் வழி என்று நினைத்து, பெயர் தெரியாத கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்வதை நாங்கள் ஒப்புவதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு நல்ல கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ ஒழுங்காகப் படித்து, ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேர்வது செலவு குறைந்த, உறுதியான வழி. அங்கிருந்து கேட், நெட் தேர்வுகள், அதன் பின் ஆராய்ச்சி. ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களுக்கும் மகேந்திரகிரியில் டெக்னீஷியன், டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணியிடங்கள் அறிவிக்கப்படுகின்றன. கூடங்குளத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் பொறியாளர்களைக் கேட் மதிப்பெண் வைத்து நேர்காணலுக்கு அழைக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கவேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது. அதற்கு ஜேஇஇ தேவையில்லை, தகுதித் தேர்வு மட்டும்தான். வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு.

சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்பது யுஜிசி விதி. சரிபார்த்ததும் கேட்டு வாங்கிவிடுங்கள். உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் 'முழுப் பணம் கட்டினால்தான் சீட்டு' என்றால் வாக்குவாதம் வேண்டாம். அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள். அப்போது தேதி, பேசியவரின் பதவி, சொன்ன தொகை எல்லாவற்றையும் எழுதி, கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, மனு எண்ணுள்ள ரசீதை வாங்கி வையுங்கள். அந்த எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். பின்னால் விசாரிக்கப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

முதல் வருஷம்: அரியர் எங்கே விழுகிறது

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் பருவக் கணிதத்தில் அரியர் வைப்பது கணக்கு தெரியாததால் அல்ல. கேள்வி ஆங்கிலத்தில் இருப்பதால். வளாக நேர்காணலுக்கு வரும் பல கம்பெனிகள் 'அரியர் இருக்கக்கூடாது' என்று வடிகட்டுகிறார்கள். முதல் பருவத்துச் சறுக்கல் நாலாம் வருஷம் வரை துரத்தும்.

இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டிலும் பாடம் ஒன்றே, படம் ஒன்றே, கணக்கும் ஒன்றே. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே பதினொன்று, பன்னிரண்டு இயற்பியலையும் கணிதத்தையும் ஆங்கிலப் புத்தகத்தில் மறுபடி படியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி மட்டும்தான் புதிது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் உச்சரிப்போடு, அதன் தமிழ்ச் சொல், அது வரும் ஒரு வரி என்று எழுதுங்கள். 'டெரிவேட்டிவ் – வகைக்கெழு – திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியின் வகைக்கெழு.' நாளைக்குப் பத்துச் சொல் போதும். கல்லூரி திறக்க மூன்று மாதம் இருக்கிறது. முக்கியமான சொற்கள் அதற்குள் பழகிவிடும்.

அடுத்தது, தனியாகப் படிக்காதீர்கள். 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன், கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். உழைப்புக் குறைவும் இல்லை, அக்கறைக் குறைவும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே மணிக்கணக்கில் படித்தார்கள். நன்றாகத் தேறிய சீன மாணவர்களோ தனியே படித்தபின் ஒன்றாகக் கூடி ஒருவர் விடையை ஒருவர் சோதித்தார்கள். அவர் கடினமான கணக்குகளை வைத்துக் கூட்டுப் பயிற்சி நடத்தினார், தேர்ச்சி ஏறியது. இதில் 'கடினமான' என்பதுதான் முக்கியம். 'பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு' என்று பெயர் வைத்து எளிய கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவது பிள்ளைகளைத் தாழ்த்திவிடும்.

செய்முறை இதுதான். ஐந்து அல்லது ஆறு பேர், வாரம் இரண்டு நாள், இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து ஒரே ஐந்து கணக்கைப் போடுங்கள், பேச்சு கிடையாது. அடுத்த மணி நேரம் ஒருவர் பலகையில் போட்டு விளக்க, மற்றவர்கள் 'ஏன்' என்று மட்டும் கேட்கவேண்டும். நன்றாகப் படிப்பவர் ஒருவரே எப்போதும் விளக்கினால் அது ட்யூஷன் ஆகிவிடும். குலுக்கிப் போட்டு ஆளை எடுங்கள். குழுவில் ஒரே தெருக்காரர்கள் மட்டும் இருக்கவேண்டும் என்பதில்லை. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பழகும் வழக்கம் பள்ளியிலேயே இருந்த மாவட்டம் இது. கல்லூரியில் அதை உடைக்க நாலு கணக்கை ஒன்றாகப் போடுவது பேச்சுப் போட்டிகளைவிட உதவும்.

ரெஸ்யூமும் நேர்காணலும்

2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பாஸ்டன், சிகாகோ நகரக் கம்பெனிகளுக்கு ஒரே தகுதியுள்ள ரெஸ்யூம்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்விலும் அதே கதை: சமமான தகுதி இருந்தும், தலித் பெயருள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான்.

ஆகவே தனியார் வேலைக்கான ரெஸ்யூமில் பெயர், போன், மெயில், 'திருநெல்வேலி' என்று ஊர். அவ்வளவு போதும். அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, தெருப் பெயரோடு முழு முகவரி எதுவும் வேண்டாம். பழைய பயோடேட்டா வடிவத்தில் இவை எல்லாம் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் தரும் மாதிரியை அப்படியே நிரப்பாதீர்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தே நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்துவிட்டது; உங்கள் ரெஸ்யூமில் அது இருக்கக் காரணமே இல்லை. அரசு, பொதுத்துறை விண்ணப்பம் என்றால் நேர்மாறு: கேட்ட கட்டம் எதையும் காலியாக விடக்கூடாது. ஒரு கட்டம் விட்டால் பொதுப்பிரிவில் போட்டுவிடுவார்கள், அப்புறம் மாற்ற முடியாது.

காலி இடத்தை வேலையால் நிரப்புங்கள். பத்து அரைகுறை ப்ராஜெக்ட் வேண்டாம். ஒன்றே ஒன்று, முழுசாக. உதாரணத்துக்கு, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் தினமும் நாளிதழில் வருகிறது. பாபநாசத்தின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. மூன்று வருஷ எண்களைத் திரட்டி, விடுபட்ட நாட்களை எப்படிக் கையாண்டீர்கள் என்று எழுதி, வடகிழக்குப் பருவமழையில் எத்தனை நாளில் எத்தனை அடி ஏறுகிறது என்று வரைபடம் போட்டு, ப்ராஜெக்ட்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் இணையதளத்தில் வையுங்கள். நேர்காணலில் உங்கள் ஊரைப் பற்றி அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே பேச ஒரு விஷயம் கிடைக்கும், அதுவும் உங்கள் வேலையைப் பற்றிய விஷயம்.

ஏனென்றால் ஊர் விசாரிப்பு வரத்தான் செய்யும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"
"திருநெல்வேலி சார்."
"திருநெல்வேலியில எங்க?"
"நாங்குநேரி பக்கம்."
"பக்கம்னா? ஊருக்குள்ளயா? அப்பா என்ன பண்றாங்க?"

இந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று இரண்டு பக்கமும் தெரியும். பொய் சொல்லவேண்டாம், சாதியைச் சொல்லவும் வேண்டாம். "அப்பா விவசாய வேலை பாக்காங்க சார். நான் பண்ண அணை நீர்மட்ட ப்ராஜெக்டே அதுல இருந்து வந்ததுதான், ஒரு நிமிஷம் காட்டவா?" என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் இல்லை, ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து இதைப் பழகவேண்டும். எதிர்பாராமல் கேட்கும்போது நாக்கு குழறுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. நெல்லைத் தமிழ் வாயில் வருவது குறையே அல்ல. ஆங்கிலத்தில் மட்டும், உங்கள் ப்ராஜெக்டைப் பற்றி மூன்று வாக்கியம் (என்ன சிக்கல், என்ன செய்தேன், என்ன கிடைத்தது) போனில் பதிந்து, தடங்கல் இல்லாமல் வரும்வரை சொல்லிப் பாருங்கள்.

தனியார் கம்பெனிகளில் நிறைய இடங்கள் உள்ளே வேலை பார்ப்பவர் பரிந்துரையால் நிரம்புகின்றன. நமக்கு மாமா, சித்தப்பா அங்கே இல்லை, சீனியர் இருக்கிறார். அவருக்கு அனுப்பும் செய்தி ஐந்து வரியைத் தாண்டக்கூடாது: யார், எந்தக் கல்லூரி, எந்த வேலையின் எண், அந்த வேலைக்குப் பொருந்தும் ஒரு ப்ராஜெக்ட், ரெஸ்யூம் இணைப்பு. 'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க அண்ணா' என்ற செய்திக்கு யாராலும் உதவ முடியாது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் ஒதுக்கி எழுதுங்கள்: இந்த வாரம் முடித்தது என்ன, அதில் ஒரு எண் (எத்தனை பிழை சரிசெய்தேன், எவ்வளவு நேரம் குறைந்தது), யார் கேட்டு முடித்தேன், சான்று எந்த மெயிலில். வருஷாந்திர மதிப்பீட்டுக்கு முன்னால் இதை ஒரு பக்கமாகச் சுருக்கி மேலாளருக்கு அனுப்புங்கள். 'நல்ல பையன், அமைதியா இருப்பான்' என்பது மதிப்பீடு இல்லை. அமைதியாக இருப்பவரின் வேலை வேறொருவர் கணக்கில் ஏறிவிடும்.

மீட்டிங்கில் நீங்கள் சொன்ன யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னால் அங்கேயே சண்டைக்குப் போகவேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் மெயில்: 'இன்று நான் முன்வைத்த தரவுச் சேமிப்பு முறையின் அடுத்த படிகள் கீழே; புதன்கிழமைக்குள் முதல் வடிவம் தருகிறேன்.' கோபம் ஒரு வரியிலும் தெரியாது; பெயரும் தேதியும் பதிவாகிவிடும்.

விதி குறுக்கே நின்றால் என்ன செய்வது என்பதற்கு மேரி ஜாக்சன் நல்ல முன்னுதாரணம். நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் இருந்த அவர் பொறியாளர் ஆக மேல் வகுப்புகள் படிக்கவேண்டும். அந்த வகுப்புகள் வெள்ளையர் மட்டும் படித்த ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் நடந்தன. அவர் ஹாம்ப்டன் நகர நிர்வாகத்திடம் மனுப் போட்டு அனுமதி வாங்கி, படித்து முடித்து, 1958-ல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். தன்னைத் தடுப்பது எந்த விதி, அதைத் தளர்த்தும் அதிகாரம் யார் கையில் என்று கண்டுபிடித்து, அவருக்கே எழுதினார் அவர். 'டிசைன் டீமுக்கு உன்னை எடுக்க முடியாது' என்றால், என்ன தகுதி குறைகிறது, யார் முடிவு செய்வது, எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்ற மூன்றையும் மெயிலில் கேளுங்கள். அதே லாங்லியில் டோரதி வாகன், கணிப்பொறி வந்தால் தன் குழுவின் கைக்கணக்கு வேலை போய்விடும் என்று முன்கூட்டியே உணர்ந்து, ஃபோர்ட்ரான் கற்றுத் தன் குழுவுக்கும் கற்றுக்கொடுத்தார். டெஸ்டிங், சப்போர்ட் வேலைகளில் இருக்கும் நம் பிள்ளைகள் இன்று ஏஐ கருவிகள் விஷயத்தில் செய்யவேண்டியது அதுதான்.

மத்திய அரசு, பொதுத்துறை நிறுவனங்களில் இட ஒதுக்கீட்டு விவகாரங்களுக்கு லையசன் அதிகாரி ஒருவர் இருப்பார். சேர்ந்த முதல் மாதமே அவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏ.பி.ஏ.ஆர். எனும் ஆண்டு மதிப்பீட்டைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. குறைத்துப் போட்டிருந்தால் கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு கொடுக்கவேண்டும். நேர்காணலில் 'தகுதியானவர் யாருமில்லை' என்று ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாக விட்டால், பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மதிப்பெண்ணுக்கு மதிப்பிட்டார்கள், என் மதிப்பெண் என்ன. 30 நாளில் பதில் தரவேண்டும். 'ஏன் என்னை எடுக்கவில்லை' என்று கேட்டால் பதில் வராது. சட்டம் ஆவணத்தைத்தான் தரும், காரணத்தை அல்ல.

சம்பளம் வந்ததும் வீட்டுக்கு எவ்வளவு என்று முதல் மாதமே ஒரு தொகையை நிர்ணயித்துவிடுங்கள். குடும்பத்தில் முதல் சம்பளக்காரர் என்றால் சொந்தத்தில் எல்லார் கடனும் உங்கள் வாசலுக்கு வரும். மூன்று மாதச் செலவு கையில் சேரும்வரை யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டாம்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு

கைடைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதிப் படிப்பு. அவரிடம் பேசுவதற்கு முன் அவரிடம் முடித்துப்போன மாணவர்கள் மூன்று பேரிடமாவது பேசுங்கள்: எத்தனை வருஷம் ஆயிற்று, கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு, வீட்டு வேலை சொல்வாரா. யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி. குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்லவேண்டும். அந்தக் கூட்டக் குறிப்பின் நகல் உங்களிடம் இருக்கட்டும். கைடு இழுத்தடித்தால் நாளை உங்கள் பக்கம் பேசுவது அந்தக் காகிதம்தான். கட்டுரை எழுதத் தொடங்கும்போதே ஆசிரியர் வரிசையை மெயிலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நெட் தேர்வு மூலம் ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்கும் ஜேஆர்எஃப் எனும் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பில் பட்டியல் சாதியினருக்கு ஐந்து வருஷத் தளர்வு உண்டு. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஃபெலோஷிப் தனியாக இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. எந்த ஃபெலோஷிப்பும் மாதாமாதம் ஒன்றாம் தேதி வரும் என்று நம்பி வாடகை பேசாதீர்கள்; மாதக்கணக்கில் தாமதம் ஆவது வழக்கம்.

இழிவுபடுத்தினால்

அன்றிரவே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, அருகில் இருந்தவர்கள் பெயர். உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொண்டால் நேரம் தானாகப் பதிவாகும். வாட்ஸ்அப் செய்தி என்றால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த போனை விற்காமல், ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் தரவேண்டியிருக்கும்.

கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் எஸ்சி/எஸ்டி செல், சம வாய்ப்பு மையம் என்று இருக்கும். மனுவைக் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். கம்பெனி என்றால் நடத்தை விதிப் புத்தகத்தில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆப்பிள், ஐபிஎம் போன்ற நிறுவனங்களின் விதிகளில் சாதி இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023-ல் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தாலேயே தடை செய்தது. சொல் இருந்தால் அந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டு ஹெச்ஆருக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் 'துன்புறுத்தல்', 'பாகுபாடு' என்ற தலைப்புகளில் எழுதலாம்.

1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லித் திட்டுவது குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்கவேண்டும். நாலு சுவருக்குள் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னது என்றால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும். அதனால்தான் அருகில் இருந்தவர் பெயர் முக்கியம். இந்த வழக்கை டிஎஸ்பி நிலை அதிகாரிதான் விசாரிக்கவேண்டும். காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேசிய உதவி எண் 14566. வக்கீல் செலவுக்குப் பயப்படவேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. மனசு தாங்காமல் தூக்கம் போனால் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை அதற்கப்புறம் எடுங்கள். குறிப்பு எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கூட்டம் சேர்ப்பது

1975-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சில கறுப்பின மாணவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் கறுப்பினப் பொறியாளர் தேசியச் சங்கம். வகுப்பில் ஆளுக்கு ஆள் தனித்து நின்றவர்கள் ஒருவரையொருவர் படிப்பில் தாங்கிப் பிடிக்கத் தொடங்கியது அது. நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை. நாலு கல்லூரியில் இருந்து பன்னிரண்டு பேர், படிக்கிறவர்களும் வேலைக்குப் போனவர்களும் கலந்து. மாதம் ஒரு ஞாயிறு, பாளையங்கோட்டையிலோ டவுனிலோ பஸ் வசதியுள்ள ஒரு இடத்தில். சமூகநீதி விடுதி எனப்படும் அரசு மாணவர் விடுதி ஒன்றில் இருந்து இரண்டு பேராவது இருக்கட்டும், தகவல் அந்த விடுதி முழுக்கப் போகும்.

அந்தக் கூட்டத்தின் முதல் வேலை நாள்காட்டி. கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில். ஜாம் செப்டம்பர், அக்டோபரில். இரண்டுக்கும் தேர்வு பிப்ரவரியில். பொறியியல் கலந்தாய்வுப் பதிவு மே மாதம், ஊர்க் கொடைகள் நடக்கும் நேரம். வீட்டில் யாரும் இதைக் கவனிக்கமாட்டார்கள், ஆகையால் ஏப்ரலிலேயே சான்றிதழ்களைச் சேர்த்துவிடவேண்டும். கேட் கட்டணத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் பாதிதான். அதைக்கூடக் கட்ட முடியாதவர் யார் என்று கூட்டத்தில் வெளிப்படையாகக் கேட்காமல், வேலையில் இருப்பவர் ஒருவர் தனியே விசாரித்துக் கட்டிவிடட்டும். வேலைக்குப் போன ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஒரு ஜூனியர்: அவருடைய விண்ணப்பத்தை அனுப்பும் முன் இவர் ஒரு தடவை படித்துப் பார்க்கவேண்டும், பெயர், பிறந்த தேதி, பிரிவு, பேங்க் கணக்கு நாலையும் சான்றிதழோடு ஒப்பிட்டு. கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்னாலேயே இது முடிந்திருக்கட்டும். கடைசி இரண்டு நாள் சர்வர் இழுக்கும்.